பென்சிலின் பின்முனை

மழைக்காலம் வந்துவிட்டால் சலவைக்கடைக்குப் பாதி உயிர்தான். துவைத்த துணி காயாது. காயாத துணிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஒரு புழுக்க வாடை கிளம்பும். அந்த வாடையோடு கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்குகிறவர்கள் துணியை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துவிட்டு, கொடுத்தவளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதனால் அக்கா வீட்டின் முன்னறை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, தங்கும் விடுதியிலிருந்து வந்த படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டிருப்பாள். முன்னறைதான் கடை. உள்ளே வருகிறவர்கள் குனிந்து, விலக்கி, ஈரம் முகத்தில் உரச உரசத்தான் அவளிடம் வந்து சேரவேண்டும். தெருவுக்கே அவள் சலவைக்கடை அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

அந்த வருஷ மழையில் துணிக் கவலை அவளுக்கு இரண்டாம் பட்சம். பெரியவனுக்குப் பள்ளிக்கூடம் முடியப்போகிறது.

பெரியவன் அவளுடைய மூத்த பிள்ளை. பதினாறு வயது. அப்பனைவிட உயரம், மேலுதட்டில் மீசை அரும்பிவிட்டது. பேச்சே கிடையாது என்று சொல்ல முடியாது. ‘வேணாம்’, ‘போதும்’, ‘தண்ணி’ என்று சில சொற்கள் உண்டு. அவையும் அவனாக நினைத்தால்தான் வரும். சத்தம் ஆகாது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். ஆனால் சட்டை மடிக்கக் கொடுத்தால், கடையில் புதிதாக வாங்கிய சட்டை தோற்றுப்போகும். காலர் ஒரு நூல் விலகாது.

பள்ளிக்கூடம் முடிந்தால் அப்புறம் என்ன என்று கேட்டால் அக்காவுக்குப் பின்தெருதான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு வீட்டில், இவனைப் போலவே பள்ளிக்கூடம் முடித்தவன் ஒருவன் இருந்தான். இப்போது முப்பது வயதுக்கு மேல் இருக்கும். காலையிலிருந்து இருட்டும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பிள்ளைகள் அவனுக்கு ஜன்னல்காரன் என்று பேர் வைத்திருந்தார்கள். அவன் வீட்டார் கெட்டவர்கள் இல்லை. வேலைக்குப் போகவேண்டும், கதவைப் பூட்டாமல் போக முடியாது, அவ்வளவுதான். அக்கா துணி கொடுக்கப் போகும்போது அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள். தலையில் மூட்டையோடு அவ்வளவு தூரம் சுற்றுவது லேசான காரியம் இல்லை.

மீள்வதற்கு ஒரே ஒரு வழி இருந்தது. ஊர்க்கோடியில் ஒரு பயிற்சிப் பட்டறை. இந்த மாதிரிப் பிள்ளைகள் பள்ளி முடித்ததும் அங்கே போய் அட்டைப்பெட்டி மடிக்கலாம், காலையில் போனால் சாயங்காலம் வரலாம். ஆனால் இடம் கேட்டு வருகிற எல்லோரையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு நாள் உட்காரவைத்துப் பார்ப்பார்கள். தானாக ஆரம்பித்துத் தானாக முடிக்கிறவனாக இருக்கவேண்டும், அதுதான் அவர்களுடைய சட்டம்.

“அதுல என்ன இருக்கு? என் புள்ளை மடிக்கிற மடிப்பைப் பார்த்தா அவங்களே வாயைப் பொளப்பாங்க” என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

துணை டீச்சரிடமும் சொன்னாள்.

பள்ளியில் பெரியவனோடு மட்டும் உட்காருவதற்கென்று வைத்திருந்த டீச்சர் அவள். பாடம் நடத்துகிறவர்கள் வேறு. அவர்கள் முன்னால் நின்று நாற்பது பேருக்குச் சொல்வதை, இவள் கடைசி பெஞ்சில் அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து துண்டு துண்டாக்கிக் கொடுப்பாள். ஒரு பக்கத்தில் ஐந்து கணக்கு இருந்தால், வெள்ளை அட்டையால் நாலை மறைத்துவிட்டு ஒன்றை மட்டும் காட்டுவாள். மணி அடிக்கப்போகிறது என்றால் அதற்கு முன்னாலேயே காதில் வைக்கப் பஞ்சை எடுத்து நீட்டுவாள். வகுப்பில் கூச்சல் கிளம்பினால் அவனை வராந்தாவுக்கு அழைத்துப்போய் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கவிடுவாள். அவன் நடக்க, இவளும் நடக்க, மற்ற வாத்தியார்கள் ‘டீச்சர் நல்லா இளைச்சிடுவாங்க’ என்று சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். ஆறாம் வகுப்பிலிருந்து அவனோடுதான் இருந்தாள்.

ஆறாம் வகுப்பில் அவன் அவளை ஒரு வழி பண்ணிவிட்டான். தொட்டால் கத்துவான். ‘எழுதுடா கண்ணு’ என்றால் கத்துவான். பேச்சு என்பதே அவனுக்குத் தலையில் கொட்டுகிற மாதிரி இருந்திருக்கவேண்டும். ஒரு நாள் எல்லாம் ஓய்ந்துபோய், சும்மா உட்கார்ந்து பென்சிலின் பின்முனையால் மேசையை ஒரு தட்டுத் தட்டினாள். டொக். அவன் பென்சிலை எடுத்தான். ஒரு எழுத்து எழுதினான். நிறுத்தினான். மறுபடி டொக். அடுத்த எழுத்து.

அன்றைக்கு அவள் கால் தரையில் படவில்லை. பள்ளிவிட்டு நேராகச் சலவைக்கடைக்கு ஓடி, ஈரத் துணிக்கு நடுவில் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரொட்டிக்கடையில் அடுப்புப் பார்க்கிற அவன் அப்பன்கூட, “உங்க பென்சிலைப் பொன்னாட்டம் வச்சுக்கணும் டீச்சர்” என்று சொல்லி, சூடு ஆறாத ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். அப்புறம் டொக் டொக் என்றே கூட்டல் வந்தது, பெருக்கல் வந்தது, செருப்பு மாட்டுவது வந்தது, கை கழுவுவது வந்தது. சண்டை இல்லை, கத்தல் இல்லை. பள்ளிக்கே பெருமை. எட்டிப் பார்க்க வருகிற பெரிய மனிதர்களையெல்லாம் அந்தக் கடைசி பெஞ்சுக்குத்தான் கூட்டிவருவார்கள்.

உண்மையை முதலில் போட்டு உடைத்தவள் சின்னவள். பெரியவனுக்கு அடுத்தவள், பதினொரு வயது, வாய் மட்டும் அறுபது வயது. ஒரு விடுமுறை நாளில் துணை டீச்சர் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பெரியவன் முன்னால் ரொட்டியும் முட்டையும் இருந்தன. அவன் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“டீச்சர், ஒரு வேடிக்கை காட்டட்டுமா?” என்றாள் சின்னவள். கரண்டியால் மேசையில் ஒரு தட்டு. அவன் ஒரு வாய் சாப்பிட்டான். இன்னொரு தட்டு. இன்னொரு வாய். “பாத்தீங்களா? ரிமோட்டு மாதிரி. தட்டலைன்னா ராத்திரி வரைக்கும் இப்படியே உக்காந்திருப்பான்.”

“அடி செருப்பால! சாப்பிடற புள்ளையை வச்சு விளையாடறியா?” அக்கா கையிலிருந்த ஈரத் துண்டைச் சுருட்டி அவள்மேல் எறிந்தாள். எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். இஸ்திரி போட்ட சட்டையை மேசையில் தப்பென்று போட்டாள். பெரியவன் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்துபோய் அதை மடித்தான். அடுத்த சட்டை, தப். மடித்தான்.

துணை டீச்சர் டீயைக் கீழே வைத்தாள். இந்த வீட்டில் அவன் தானாகச் சட்டை மடிக்கிறான் என்றுதான் அவளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அந்தச் சட்டையைச் சத்தமில்லாம வைங்க.”

“எதுக்கு டீச்சர்?”

“சும்மா, வைங்களேன்.”

அக்கா மெதுவாக வைத்தாள். பெரியவன் நின்றான். சட்டை அவன் முன்னாலேயே கிடந்தது. அவன் அக்காவின் கையைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தான். சின்னவள் மட்டும் களுக்கென்று சிரித்தாள். பெரியவர்கள் சிரிக்காததைக் கண்டு அவளும் அடங்கிவிட்டாள்.

மறுநாளிலிருந்து துணை டீச்சர் தட்டலைக் குறைக்கத் தொடங்கினாள். எந்த உதவி கொடுத்தாலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கவேண்டும் என்பது அவள் படித்த முதல் பாடம். அவன் படிக்கிற வேகத்தில் மயங்கி அந்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டாள். முதலில் மெதுவாகத் தட்டினாள். பிறகு பென்சிலுக்குப் பதில் விரல். அதுவரை சரிதான். விரலையும் எடுத்தபோது அவன் நின்றுவிட்டான். ஒரு பாடவேளை முழுக்கப் பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவளும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன டீச்சர், ரெண்டு பேரும் தூங்கறீங்களா?” என்றார் கணக்கு வாத்தியார். வகுப்பே சிரித்தது.

கொஞ்ச நாள் அப்படிப் போனது. பிறகு அவன் தன் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தான். ஆத்திரத்தில் கடிக்கவில்லை. காத்திருந்து காத்திருந்து, வேறு என்ன செய்வது என்று தெரியாமல் கடித்தான். ஒரு நாள் ரத்தம் வந்துவிட்டது. சாயங்காலம் கொட்டுகிற மழையில் அக்கா பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றாள். குடை இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை.

“என்ன டீச்சர் பண்ணி வச்சிருக்கீங்க எம்புள்ளையை?”

“அக்கா, உள்ள வாங்க. நனையறீங்க.”

“நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போறேன். கையைப் பாருங்க. சதை பிய்ஞ்சிருக்கு. நல்லாத்தானே இருந்தான்? நல்லாத்தானே எழுதிட்டிருந்தான்?”

“நான் தட்டினாத்தான் எழுதினான் அக்கா. அவனா எழுதல.”

“தட்டுங்களேன்! ஒரு தட்டுத் தட்டறதுல உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

“பட்டறையில யாரு தட்டுவாங்க? அதுக்குத்தான் இப்பவே விலக்கறேன். கொஞ்ச நாள் கஷ்டப்படுவான். நீங்களும் வீட்டுல சட்டையைச் சத்தமில்லாம வைக்கணும். நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணாத்தான் இது நடக்கும்.”

“கொஞ்ச நாள்னா எத்தனை நாள்?”

“தெரியாதுக்கா. மாசக்கணக்காகலாம்.”

“மாசக்கணக்கா அவன் கையைக் கடிச்சிட்டு உக்காந்திருப்பான், நான் பாத்துட்டு நிக்கணுமா? விடுதித் துணி மலை மாதிரி கிடக்கு. அவன் மடிக்கலைன்னா நான் ஒண்டி ஆளா எதைச் செய்யறது? சொல்லுங்க. அவர் விடியறதுக்குள்ள அடுப்பு மூட்டப் போயிடறாரு. வந்தா கட்டை மாதிரி விழுந்து தூங்கறாரு. நீங்க பாடத்துல படிச்சதைச் சொல்றீங்க. நான் ராவும் பகலும் அவனோட குப்பை கொட்டறேன்.”

துணை டீச்சர் அக்காவின் கையிலிருந்த குடையை வாங்கி விரித்து அவள் தலைக்குமேல் பிடித்தாள். இப்போது நினைத்தால், அன்றைக்கு டீச்சர் கல்லாக இருந்திருக்கவேண்டும் என்று சொல்லலாம். சொல்வது சுலபம். அந்த மழையில், அந்தக் கடித்த கைக்கு முன்னால் யார் கல்லாக இருப்பார்கள்?

மறுநாள் பென்சிலைத் திருப்பிப் பிடித்தாள். டொக். பெரியவன் எழுதினான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவளுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பட்டறைக்குப் போகவேண்டிய நாள் வந்தது. அக்கா அவனுக்கு இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டுவிட்டாள். துணை டீச்சரும் கூடப் போனாள். நீளமான கூடம், நடுவில் மேசைகள், பசை வாடையும் அட்டைத் தூசியும். பத்துப் பன்னிரண்டு பேர் தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பொறுப்பாக இருந்தவர் நல்ல மனிதர். குரலை உயர்த்தத் தெரியாதவர். பெரியவனை உட்காரவைத்து, ஒரு பெட்டியைத் தானே மடித்துக் காட்டி, தட்டையான அட்டைகளை அவன் முன்னால் அடுக்கிவிட்டு விலகிக்கொண்டார். கூட வந்தவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நிற்கவேண்டும்.

பெரியவன் இரண்டு கையையும் அட்டைமேல் வைத்தான். எல்லாம் தயார்தான். நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தான்.

“மடிப்பான் பாருங்க” என்றாள் அக்கா.

பக்கத்தில் இருந்த பெண் ஒரு பெட்டி முடித்தாள். இன்னொன்றும் முடித்தாள். பெரியவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“டீச்சர்.”

“பொறுங்கக்கா.”

“டீச்சர், தட்டுங்க.”

“தட்டக் கூடாதுக்கா. அவங்க பாக்கறாங்க.”

“ஒரே ஒரு தடவை. ஆரம்பிச்சிட்டான்னா மடிச்சிட்டே போவான்.”

“போகமாட்டான். உங்களுக்கே தெரியும்.”

பெரியவனின் கை மெல்ல வாய்ப் பக்கம் போனது. மணிக்கட்டு உதட்டில் பட்டது. அவ்வளவுதான், அக்கா விரல் முட்டியால் கண்ணாடியில் தட்டிவிட்டாள். டொக்.

அவன் மடித்தான். அப்படி ஒரு பெட்டியை அந்தக் கூடம் பார்த்திருக்காது. மூலை மூலையாக, நூல் பிடித்தாற்போல. பொறுப்பாளரே கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் மறுபடி தட்டினாள். மறுபடி ஒரு பெட்டி. அவன் பார்க்க, இவள் தட்ட, பெட்டிகள் ஏறிக்கொண்டே போயின. மற்றவர்கள் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியையே பார்த்தார்கள். துணை டீச்சர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பொறுப்பாளர் வெளியே வந்து அக்காவின் பக்கத்தில் நின்றார்.

“கை நல்ல கைம்மா. இப்படி ஒரு கை எங்ககிட்ட இல்ல.”

“அப்போ சேர்த்துக்குவீங்களா ஐயா?”

“நீங்க தட்டாம மடிப்பானா?”

“நான் வர்றேன் ஐயா. தினமும் வர்றேன். இங்க ஒரு ஓரமா நின்னுக்கறேன். யாருக்கும் தொந்தரவு இருக்காது.”

“தினமும் வந்தா உங்க கடை?”

“பாத்துக்கறேன்.”

“சரி, வர்றீங்க. எத்தனை வருஷம் வருவீங்க? நானும் பெத்தவன்தாம்மா. கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க.”

அக்கா பையன் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவன் அட்டைமேல் கை வைத்து, அவளையே பார்த்துக் காத்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை, ஒரு சந்தேகமும் இல்லை. அவள் தட்டுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

இடம் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் விளக்குப் போடவில்லை. அப்பன் மாவு படிந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் ரொட்டியைப் பாலில் நனைத்து நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“வேற பட்டறை இருக்குமான்னு விசாரிங்களேன்” என்றாள் அக்கா.

“எங்க போனாலும் இதே கதைதான். தட்டறதுக்கு ஒரு ஆளையும் சேர்த்து எவன் எடுப்பான்?”

“அப்போ வீட்டுல கிடக்கட்டும்ங்கறீங்களா?”

“நான் எதையும் சொல்லல.”

“சொல்லுங்க. எதையாவது சொல்லுங்க. எல்லாத்துக்கும் இப்படி வாயை மூடிட்டு உக்காந்தா?”

“சொன்னா தாங்குவியா? நம்ம கை இருக்கற வரைக்கும் ஓடும். அதுக்கப்புறம் இவ தலையிலதான் விழும்.” தலையை அசைத்துச் சின்னவளைக் காட்டினார்.

“அவ தலையில கட்ட மாட்டேன்.”

“வேற யார் தலையில கட்டுவே?”

சின்னவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். “நான் தட்டறேன்மா. எனக்கு நல்லா தட்ட வரும். நான் சும்மாதானே இருக்கேன்.”

அக்கா எழுந்து வந்து அவள் முதுகில் ஒன்று வைத்தாள். கை ஓய்கிற மாதிரி ஒரு அடி. “நீ தட்டக் கூடாது. கேக்குதா? இன்னையிலிருந்து நீ அவன் பக்கம் கையை நீட்டக் கூடாது. படி. படிச்சிட்டு எங்கயாவது போய்த் தொலை.” பிறகு அடித்த பிள்ளையையே இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். பெரியவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். அன்றைக்கு அவனை வெளியே கூப்பிட யாருக்கும் தெம்பில்லை.

பள்ளிக்கூடம் முடிந்தது. துணை டீச்சருக்கு வேறு ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண், பேச்சே இல்லை, தொட்டால் கத்துகிறாள் என்று சொன்னார்கள். துணை டீச்சர் சரி என்று தலையாட்டினாள். தன் பையிலிருந்து பென்சில்களையெல்லாம் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். இனிமேல் எதைக் கொண்டு ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விடைபெற வேண்டுமே என்று ஒரு மத்தியானம் சலவைக்கடைக்குப் போனாள். மழை விட்டிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. துணியெல்லாம் பின்பக்கம் வெட்டவெளியில் காய்ந்ததால் முன்னறையில் கொடி வெறுமனே கிடந்தது. கதவு பாதி சாத்தியிருந்தது. சாத்தியிருக்கிற கதவைத் தட்டாமல் நுழைவது முறையில்லை, கையைத் தூக்கினாள். உள்ளே பார்த்ததும் கை அப்படியே நின்றது.

அக்கா முக்காலியில் உட்கார்ந்தபடி மேசையில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலைமுடியில் அதற்குள் இவ்வளவு நரையா என்று டீச்சர் நினைத்தாள். இஸ்திரிப் பெட்டி நிமிர்த்தி வைத்திருந்தது. அக்காவின் வலது கை மேசைமேல் நீண்டு கிடந்தது. சுடுதண்ணியிலும் சலவைச் சோடாவிலும் ஊறி ஊறி வெளிறிப்போன கை. அதற்கு எதிரே பெரியவன் நின்றிருந்தான். முன்னால் சட்டைகளின் குவியல். அவன் சட்டைகளைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறானோ, கழுத்தெல்லாம் வியர்த்து சட்டை ஒட்டியிருந்தது.

கதவில் தட்டினால் அவன் மடிப்பான். துணை டீச்சருக்கு அது தெரியும். அவனுடைய மணிக்கட்டில் புதிதாகப் பல் பதிந்திருப்பதும் தெரிந்தது. தூக்கிய கையை இறக்கவும் முடியாமல், தட்டவும் முடியாமல் நின்றாள்.

தூக்கத்தில் அக்காவின் விரல் ஒரு தரம் துடித்து மேசையில் பட்டது. பெரியவன் உடனே ஒரு சட்டையை எடுத்தான். காலரைச் சரிசெய்து, கைகளை உள்ளே மடக்கி, நூல் விலகாமல் மடித்து ஓரமாக வைத்தான். வைத்துவிட்டு மறுபடியும் அந்தக் கையைப் பார்க்க ஆரம்பித்தான்.